துண்டுக்கு அடியில் பேசுகிற பிள்ளை

1

“…சுழி சுத்தமா இருக்குதுடா தம்பி. தரகன் மக நானு, எனக்குத் தெரியாத சுழியா? புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. நாக்குத்தான் பூட்டிக் கெடக்குது. தொறக்கற சாவி அந்த மலை மேல இருக்குதுன்னு நீங்களே போயிக் கண்ணால பாத்துட்டு வந்துட்டீங்க. பொறவு என்ன ரோசனை? தொண்ணூறு நாளு. எங்கிட்ட உட்டுட்டுப் போங்க. அடுத்த லீவுக்கு நீங்க வந்து எறங்கறப்ப, ‘அப்பா’ன்னு கூப்புட்டுக்கிட்டு இவ வாசலுக்கு…”

அக்கா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்குத் தெரிந்து என் அக்கா முடிக்காமல் விட்ட ஒரே வாக்கியம் அதுதான். எலப்புள்ளியில் அவள் வீட்டு நடுக்கூடத்தில், நாங்கள் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு சாயங்காலம் அதைச் சொன்னாள். இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. அவள் ஏன் முடிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு நேராகச் சொல்ல வராது. வேலந்தாவளத்துக்காரன் நான். சந்தைக்குப் போகிற வழியில் நாலு பேரிடம் நின்று பேசாமல் போனால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

2

நாங்கள் இருப்பது அயர்லாந்தில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன ஊரில். என் மனைவி செல்வி முதியோர் இல்லத்தில் நர்ஸ். போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, படித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி இங்கே வந்து சேர்ந்தவள். நான் அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். பத்தாவதோடு பள்ளிக்கூடம், போதும் போ என்று என்னை விட்டுவிட்டது. மிச்சத்தைச் சந்தையும் பஸ் ஸ்டாண்டும் சொல்லிக்கொடுத்தன. இங்கே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. காலை ஐந்து மணிக்குப் போவேன். கறப்பது இயந்திரம். காம்பைத் துடைத்துக் குழாயை மாட்டிவிடுவது நான். மாட்டைப் பேரம் பேசிப் பழகிய குடும்பத்துக்காரன், மாட்டைப் பற்றிப் பேச ஆளில்லாமல் மாட்டிடமே பேசிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஒரே மகள் இனியா. ஆட்டிசம் என்று இங்கே எழுதிக்கொடுத்தபோது அவளுக்கு நாலு வயது. போன வருடம் அந்த லீவுக்கு ஊருக்குப் போனபோது ஏழு. வார்த்தை ஒன்றும் இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். கடையில் நாம் வரும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் நம் வீட்டுக் கதவுக்கு உள்ளே வர மாட்டார்கள். எட்டு வருடத்தில் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த வெளியாட்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்; அதில் ஒருவர் அடுப்பைப் பழுதுபார்க்க வந்தவர்.

ஒருமுறை பெரிய கடை ஒன்றில், வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் இனியா தரையில் படுத்துக் கத்தினாள். சுற்றி நின்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். நம் ஊராக இருந்தால் பத்துப் பேர் யோசனை சொல்லியிருப்பார்கள். பத்தும் தப்பாக இருந்திருக்கும். ஆனால் பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

அன்றைக்குத்தான் துண்டு வந்தது.

3

துண்டைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் இப்போது இல்லை. வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தார். அங்கே விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. வாங்குகிறவரும் தரகரும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. ஆயிரமா பத்தாயிரமா என்பதை மாடே சொல்லிவிடும். சுண்டுவிரலை மட்டும் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினால், அப்பாவின் வழக்கத்தில், ‘கட்டாது’. இந்தப் பேரம் நமக்கு ஒத்துவராது என்று அர்த்தம். கையை உதறிவிட்டால் பேரம் முறிந்தது.

இதில் வித்தை என்னவென்றால், விரல் பேசும்போது வாய் சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்தால் சுற்றி நிற்கிறவன் முகத்தை வைத்தே விலையைக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டே இருக்கும். “ஏனுங்க, உங்க பக்கம் மழை எப்படி?” “மூத்த புள்ளைக்கு சீரெல்லாம் செஞ்சாச்சுங்களா?” மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே மாட்டை விற்றுவிடுவார் அப்பா. “வாயி ஊருக்கு, வெரலு நமக்கு” என்பார்.

சந்தைக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டார்கள். ஆனாலும் பெரிய பேரத்துக்கு முந்தின நாள் அப்பா அக்காவைத்தான் எதிரில் உட்காரவைத்து, துண்டைப் போட்டுப் பழகிப் பார்ப்பார். என்னை அல்ல. என் முகத்தில் விலை தெரிந்துவிடுமாம். அக்கா அப்பாவையே ஏமாற்றுவாள். ஆணாகப் பிறந்திருந்தால் மூன்று சந்தையை ஆண்டிருப்பாள். அந்த விரல்களுக்கு வேலை கிடைக்காமல் போனதால்தான் இவ்வளவு வாய் வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கடையில் இனியா கத்தியபோது, என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்தில் வெளிச்சம் படாமல் போட்டேன். ஆமாம், அயர்லாந்திலும் துண்டு போட்டுக்கொண்டுதான் திரிகிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் கையை உள்ளே நீட்டினேன். கத்தல் நின்றது. அவள் என் இரண்டு விரல்களைப் பிடித்தாள். பிடித்து, வாசல் பக்கம் இழுத்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். ஒரு விரல் என்றால் தயிர்ச்சோறு. இரண்டு விரல் என்றால் வெளியே போகலாம். முழுக்கை என்றால் பக்கத்திலேயே இரு. சுண்டுவிரல் என்றால் போதும், வேண்டாம். அதை மட்டும் அப்பாவிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். முகத்தைப் பார்க்கச் சொன்னால் ஓடுகிற பிள்ளை, துண்டைப் போட்டால் ஓடி வந்தாள்.

பள்ளிக்கூட அபேக்ஷையில், மலையாளம் கலந்த எங்கள் ஊரில் விண்ணப்பத்தை அப்படித்தான் சொல்வோம், ‘குழந்தை எவ்வாறு தொடர்புகொள்கிறது?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ‘துண்டுக்கு அடியில்’ என்று என் இங்கிலீஷில் எழுதிவிட்டேன். அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்து, “குளிக்கும் நேரத்தில் மட்டுமா?” என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். நம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் அபேக்ஷை எழுதித் தருகிறவர், நம் கஷ்டத்தை நம்மைவிட நன்றாக எழுதுவார். இங்கே நம் கஷ்டத்தை நாமே எழுத வேண்டும், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் மட்டும் சிரிக்கவில்லை. “அவள் கேட்கிறாள், நீங்கள் கொடுக்கிறீர்கள். நன்றாகத்தானே போகிறது?” என்றாள். விரலோடு சேர்த்துப் படம் போட்ட அட்டைகளையும் பழக்கினாள். சோறு, தண்ணீர், ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் அட்டை இருந்தது.

‘அப்பா’ என்று அவள் ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும் என்ற என் ஆசைக்கு அட்டை இல்லை.

4

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா போன் செய்வாள். “வாயுள்ள புள்ளதான் பொழைக்கும். இதுக்கு நீ என்னடா பண்ணியிருக்கற?” பார்சலில் முறுக்கோடு வசம்பும் வரும். சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொல்லுவாள். செல்வி அதைத் தடவவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் அது சேர்ந்துகொண்டே இருந்தது.

அப்புறம் போனில் வருகிற வீடியோக்கள். ஒன்றில் எண்ணெய், ஒன்றில் ஒட்டகப் பால், ஒன்றில் பாலே ஆகாது, ஒன்றில் காந்தம். எல்லாவற்றிலும் ஒரு குழந்தை இருக்கும். ஆரம்பத்தில் பேசாது, முடிவில் பாட்டுப் பாடும். சந்தைக்கு முந்தின நாள் மாட்டைக் கறக்காமல் விட்டுவிட்டால் மறுநாள் மடி கனத்துத் தெரியும். அதைப் பார்த்து வாங்கினவன் ஒரு வாரம் கழித்து வந்து அழுவான். இதெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். இருந்தும் ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு தடவை பார்த்தேன்.

செல்வி என்னைவிட விவரமானவள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் சில மாத்திரைகளைக் கொடுக்க இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் ஒருநாள் வேலையிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:

“ஏங்க, எங்க ஊருக்கு மேல ஒரு வைத்தியர் இருக்காராம். போய்ப் பாத்துட்டு வந்துருவமா?”

“நீ என்ன நெனைக்கற?”

“நான் ஒங்களத்தான கேக்கேன்.”

“நீதான நர்ஸு.”

“நர்ஸுன்னா? எனக்கு மட்டும் ஆசை இருக்கக் கூடாதா?”

அதெல்லாம் நடக்காது என்று இருவருக்கும் தெரியும். இருவருமே மற்றவர் ‘வேண்டாம்’ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தோம். யாரும் சொல்லவில்லை. ஐந்து வார லீவுக்கு டிக்கெட் எடுத்தோம்.

5

செல்வியின் தம்பி முருகேசன் ஜீப் ஓட்டுகிறவன். போடியிலிருந்து அவன்தான் ஏற்றிக்கொண்டு போனான். “பாத்து ஒக்காருங்க அத்தான். இந்தப் பதினேழு வளைவு ஏறுறதுக்குள்ள பாதிப் பேருக்கு நோய் எறங்கிரும், மீதிப் பேருக்கு வாந்தி வந்துரும்” என்றான். செல்வி சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

மெட்டைத் தாண்டி, ஏலக்காய்த் தோட்டத்துக்குள் ஒரு தகரக் கொட்டகை. எங்களைப்போல் ஏழெட்டுக் குடும்பங்கள். ஒரு பையன் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால், நாம் எல்லோரும் எதற்கு வந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

ஒருவர் எல்லோருக்கும் பால் விடாத கட்டன் சாயா கொடுத்துக்கொண்டே விசாரித்தார். “பாப்பாவுக்கு எத்தன வயசு? சத்தம் ஆகாதோ? என்ன சாப்பிடும்? தயிரு மட்டும்தானா? பாவம்.” அன்பான மனுஷன். நானும் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தவன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வைத்தியர் இனியாவின் மணிக்கட்டில் விரலை வைத்துக் கண்ணை மூடினார். “இதுக்குச் சத்தம் ஆகாது. தயிரு இல்லாம உண்ணாது. சரியா?” என்றார். செல்வியின் கண் நிறைந்துவிட்டது.

அப்பாவும் இதைத்தான் செய்வார். மாட்டைப் பார்க்கப் போவதற்கு முன்னால், விற்கிறவன் டீ குடிக்கிற கடைக்கு ஓர் ஆளை அனுப்பிவிடுவார். எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. செல்வியிடம் சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்தது.

தொண்ணூறு நாள். பொடி மூன்று வேளை. பால், தயிர், கோதம்பு எதுவும் கூடாது. பெற்றவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது; சொந்தக்காரர் யாராவது வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். செல்வி மெதுவாகக் கேட்டாள்: “இந்தப் பொடியில என்னென்ன இருக்குங்க?”

“பரம்பரை மருந்து. அதெல்லாம் கேக்கக் கூடாது.”

இரண்டு கையெழுத்து இல்லாமல் மாத்திரை கொடுக்காதவள், பொட்டலங்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போது இனியா என் தோள்துண்டை இழுத்து, என் கைமேல் போட்டு, இரண்டு விரல்களைப் பிடித்தாள். வைத்தியர் பார்த்துவிட்டார். “இதுதான் நோயி. கை பேசுனா வாய் எதுக்குப் பேசும்? கையக் குடுக்காதீங்க. பிடிச்சா உதறுங்க. வேற வழியில்லேன்னா வாய் தானாத் தொறக்கும்.”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் பயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் செல்வியிடம்கூடச் சொன்னதில்லை. இறங்கி வரும்போது நான் மருந்தைப் பற்றி யோசிக்கவில்லை. மூன்று மாதம் முழுசாகத் தூங்கலாம் என்று யோசித்தேன். எனக்கு வைத்தியரைப் பிடிக்கவில்லை. அந்தத் தொண்ணூறு நாள் பிடித்திருந்தது.

6

மூன்று நாள் உதறினோம்.

பொடியை அக்காவிடம் விட்ட பிறகு ஆரம்பிக்கலாம், கையை மட்டும் இப்போதே பழக்குவோம் என்று பேசிக்கொண்டோம். எலப்புள்ளிக்கு வந்த முதல் நாள் இனியா துண்டோடு என்னிடம் இருபது தடவையாவது வந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் கையை உதறினேன். அவள் அழவில்லை. நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்தவளைப்போல, துண்டைச் சரியாகப் போட்டு மறுபடி பிடித்தாள். இரண்டாம் நாள் செல்வியிடம் போனாள். செல்வி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். மூன்றாம் நாள் இனியா எங்கள் இருவரிடமும் வரவில்லை. துண்டு கொடியில் கிடந்தது.

“பாரு, அடங்கிட்டா. மருந்து வேலை செய்யறதுக்கு முன்னாடியே கொணம் தெரியுது” என்றாள் அக்கா.

அக்காவுக்கு அந்தத் துண்டு எதற்கு என்று தெரியாது. நான் சொல்லவே இல்லை. மாட்டுச் சந்தைப் பேரத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்றால், “பெத்த புள்ளைய மாடுன்னு நெனச்சியாடா” என்று கேட்பாள் என்ற வெட்கம். இனியா கையைப் பிடிப்பதை ஏதோ கொஞ்சல் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

7

இப்போது எட்டு வயது ஆகிவிட்டது இனியாவுக்கு. அவள் எங்களோடு இங்கேதான் இருக்கிறாள். பொட்டலங்கள் எலப்புள்ளியிலேயே தங்கிவிட்டன. காலையில் பள்ளிக்கூட வண்டி வருகிறது. செல்வி வேலைக்குப் போகிறாள். நான் பண்ணையிலிருந்து வந்து, ஆளில்லாத வீட்டில் ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்திருக்கிறேன். ‘அப்பா’ இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்று அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

கூட்டிவந்தது சரியா? ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பார்கள். அவள் வாய் எப்படி இருக்க வேண்டும் என்பதை என் வயிற்றெரிச்சல் தீர்மானிக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிற நாட்கள் உண்டு. ஒரு கதவைச் சாத்திவிட்டேனோ என்று தோன்றுகிற நாட்களும் உண்டு. பண்ணைக்காரக் கிழவரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். அவர் மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே, “இவள்கூட என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நான் ஒருநாள் வராவிட்டால் பால் குறைகிறது” என்றார். நல்ல வார்த்தை. குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து அதை யாரிடம் சொல்வது?

இப்படிப்பட்ட நாட்களில்தான் அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொள்கிறேன்.

8

அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மருந்துப் பொட்டலங்கள் பக்கத்தில் மணைமேல் இருந்தன. செல்வியும் நானும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தோம். ‘சரி’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வழக்கம்போல் இருவரும் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். சுழி, நாக்கு, பூட்டு, சாவி, மலை. எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த இனியா எழுந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். செல்வியைத் தாண்டிப் போனாள். அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீரையில் கிடந்த அவள் வலது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்த முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டாள். தன் கையை உள்ளே விட்டாள்.

“…அடுத்த லீவுக்கு நீங்க வந்து எறங்கறப்ப, ‘அப்பா’ன்னு கூப்புட்டுக்கிட்டு இவ வாசலுக்கு…”

முந்தானை ஓரமாக ஒருமுறை இழுபட்டது. சுண்டுவிரல் பக்கம். அது என்ன என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்தது என்பதை அவள் பேச்சு நின்றதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அக்கா குனிந்து பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் முகத்தில்தான் விலை தெரிந்துவிடுமே. முந்தானை இன்னொரு முறை, அதே பக்கம், கொஞ்சம் பலமாக இழுபட்டது.

அக்கா கையை உதறவில்லை. கீரை ஒட்டியிருந்த இடது கையால் முந்தானையை நன்றாக இழுத்து, இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் மறையும்படி மூடினாள். அப்புறம் செல்வியின் பக்கம் முகத்தைத் திருப்பி, சந்தைக்கு நடுவே நிற்கிறவளைப்போலச் சத்தமாக, “ஏனம்மிணி, உங்க அயர்லாந்துப் பக்கம் இப்ப மழையெல்லாம் எப்படி?” என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.